கொல்லிமலைக்கு எந்த மாதம் ஏறலாம்?

கொல்லிமலைக்குக் குடும்பத்தோடு எப்போது செல்லலாம் என வினவும் அன்பர்களுக்கு, பொங்கல் கழியட்டும் என்பதே நம் விடை. ஆடிப்பெருக்கையொட்டி நிகழும் வல்வில் ஓரி விழா சிறப்புடையதே. ஆயினும் நெரிசல் மிகுதி. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆகாய கங்கை பொங்கி வீழ்வது கண்கொள்ளாக் காட்சி. ஆனால் வெள்ளம் பெருகினால் குளிக்கத் தடை விதிப்பர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளும் வழுக்கும். முதியோரை அழைத்துச் செல்வோரே, இறங்குவது எளிது, ஏறுவதன்றோ கடினம்! தை, மாசியில் அருவி மெலிந்திருக்கும், படிகள் உலர்ந்திருக்கும். பெற்றோரின் முழங்கால்களை எண்ணி, நாம் மெலிந்த அருவியையே தேர்வோம். இரவுக் குளிருக்குக் கம்பளி வேண்டும். காரவள்ளிக்கு மேல் 70 கொண்டை ஊசி வளைவுகள். குழந்தைகளுக்கு வயிறு நிறைய உணவளித்து வண்டியில் ஏற்றாதீர்கள்.