சங்கிலியும் விசுவாசமும்

நன்றிக்கு இலக்கணமாக நாயைக் காட்டுதல் தமிழர் மரபு. அந்த நன்றிக்கு அளிக்கப்படும் கைம்மாறு யாதென நோக்கின், அது பெரும்பாலும் ஒரு பாகத்துச் சங்கிலியாகவே காணப்படுகின்றது. யாழ்ப்பாணத்து வளவுகளிற் படலையருகே ஒரு மரத்தடியில், காலை முதல் மாலைவரை நாயொன்று கட்டப்பட்டிருத்தல் எவர் கண்ணையும் உறுத்துவதில்லை. அது நடந்து நடந்து மண்ணிற் பதித்த வட்டமே அதன் உலகம். அதே வளவின் உரிமையாளர் வைரவர் கோயிலுக்குச் சென்று வடைமாலை சாத்தத் தவறுவதில்லை. நாயை வாகனமாகக் கொண்ட தெய்வத்துக்கு மாலையும் நாய்க்குச் சங்கிலியும் என்ற இம்முரண்பாடு எவருக்கும் முரண்பாடாகத் தோன்றாமை வியப்புக்குரியது.

கட்டி வளர்த்தாற்றான் நாய் நன்கு காவல் காக்கும் என்பது இவ்வழக்கத்தை ஆதரிப்போரின் முதல் வாதம். அந்நியர் ஒருவரைக் காணும் நாய் விலகி ஓடலாம். அல்லது அணுகி மோந்து பார்த்து அறிந்துகொள்ளலாம். சங்கிலி இவ்விரு வழிகளையும் அடைத்துவிடுகின்றது. எஞ்சுவது குரைத்தலும் கடித்தலுமே. அச்சத்தின் ஓலத்தை வீரமெனக் கொள்வோர் தம் நாயை அறியாதவராவர்.

இரண்டாவது வாதம் கீழ்ப்படிவு பற்றியது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் செலிக்மன், மேயர் ஆகியோர் நாய்களைக்கொண்டு நடத்திய பரிசோதனைகளின் முடிவுகள் 1967இல் வெளியாயின. ஒரு தொகுதி நாய்கள் தலையாற் பலகையை அழுத்தி மின்னதிர்ச்சியை நிறுத்தக்கூடியனவாயிருந்தன. மற்றொரு தொகுதி எது செய்யினும் அதனை நிறுத்த இயலாதிருந்தது. பின்னர் இரு தொகுதிகளும் சிறு தடுப்பைத் தாண்டினால் தப்பக்கூடிய பெட்டியில் விடப்பட்டன. முதற் தொகுதி தாண்டியது. இரண்டாவதிற் பெரும்பாலானவை முனகியவாறு படுத்துக்கிடந்தன. பரிசோதனை கொடியது என்பதில் ஐயமில்லை. ஆயின், அது காட்டிய உண்மையை மறுப்பதற்கில்லை: அசையாது கிடக்கும் நாயெல்லாம் அமைதியுற்ற நாயன்று. 'எங்கள் நாய் பரம சாது' எனப் பெருமை கொள்ளும் இல்லங்களுட் சில, இந்தக் கையறுநிலையையே நற்குணமெனப் போற்றுகின்றன.

அவ்வறிஞர்களே 2016இற் தம் கோட்பாட்டைத் திருத்தியமைத்தனர். நீடித்த துன்பத்தின்முன் செயலற்றுப் போதல் கற்கப்படுவதன்று, அது இயல்பாகவே நிகழ்வது. தன் செயலால் நிலைமையை மாற்றலாம் என்பதே கற்கப்படுவது என்றனர். இத்திருத்தத்தின் உட்பொருள் ஆழமானது. தன்னம்பிக்கை கற்கப்படுவதெனின், அதற்கு வாய்ப்பு வேண்டும். எங்கே படுப்பது, எதனை மோப்பது, எவரை அணுகுவது என்னும் சிறு தெரிவுகளே அவ்வாய்ப்பாகும். 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இரு வாரங்கள் மோப்பத்தால் தாமே தேடி உணவு காணும் பயிற்சி பெற்ற வளர்ப்பு நாய்கள், எசமானின் காலருகே நடக்கப் பழக்கப்பட்டவற்றினும், ஐயத்துக்கிடமான கிண்ணத்தைக் கூடிய நம்பிக்கையோடு அணுகின. உலாவின்போது புல்லை மோக்க நின்ற நாயின் கயிற்றை வெடுக்கென இழுப்பவர், அதன் கல்வியையே இடைநிறுத்துகின்றார்.

விசர்நோயும் வீதி விபத்தும் எதிர்வாதமாக எழுப்பப்படும். இவை புறக்கணிக்கத்தக்கன அல்ல. ஆனால் விசர்நோயைத் தடுப்பது தடுப்பூசியேயன்றிச் சங்கிலியன்று. வளவினுள் நுழையும் விசர்நாயிடமிருந்து கட்டுண்ட நாயால் தப்பியோடவும் முடியாது. சுதந்திரமென்பது நாயைத் தெருவிற் கைவிடுதலுமன்று. கைவிடுதலும் கட்டிப்போடுதலும் பொறுப்பின்மையின் இரு வடிவங்களே. அடைத்த வேலியும் பூட்டிய படலையும் சில நாள் பொறுமையான பழக்கமும் இருப்பின், வளவு முழுவதும் நாய்க்குரியதாகலாம். வேலியைச் செப்பனிடும் செலவுக்கு அஞ்சியே பலர் சங்கிலியை ஒழுக்கமென வாதிடுகின்றனர்.

இலங்கையில் 1907இல் இயற்றப்பட்ட மிருகவதைத் தடைச்சட்டம் கொடுமைக்கு விதித்த உச்சத் தண்டம் நூறு ரூபா. சட்டம் திருந்தினாலும் மனப்பான்மை திருந்தாதவிடத்துப் பயன் சிறிது. மகாபாரதத்தின் இறுதியில் தருமனைப் பின்தொடர்ந்த நாயை எவரும் கட்டி இழுத்துச் செல்லவில்லை. அது தானே நடந்தது. அதனாலன்றோ அதனை விட்டுச் சுவர்க்கம் புக அவன் மறுத்தான்! விலகிச் செல்ல இயலும் நாய் விலகாதிருப்பதே விசுவாசம். சங்கிலியை அவிழ்க்காத இல்லம் அதனை ஒருபோதும் அறியப்போவதில்லை.