தண்ணிக்கு ஹீரோன்னு தெரியுமா?

“டூப் கிடையாது, எல்லாம் ஹீரோவே செய்தது!” சண்டைப் படம் வரும்போதெல்லாம் இப்படி ஒரு விளம்பரம் வருகிறது. ரசிகர்கள் விசில் அடிக்கிறார்கள். குதித்த இடத்தில் படகு நின்றதா, ஆம்புலன்ஸ் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

கிள்ளை மக்களுக்கு ஷூட்டிங் புதுசு அல்ல. 1975-ல் வெளியான எம்.ஜி.ஆரின் ‘இதயக்கனி’ படத்துக்குப் பிச்சாவரத்தில் காட்சிகள் எடுத்தார்கள். சுரபுன்னைக் காட்டுக்குள் ஓடும் கால்வாய்கள் சினிமாக்காரர்களை இன்றும் இழுக்கின்றன. அதனால் இது கிள்ளைக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

சோழவரத்தில் நடந்தது

மலையாள நடிகர் ஜெயன் டூப் வேண்டாம் என்று சொல்லியே பெயர் வாங்கியவர். 1980 நவம்பர் 16-ந்தேதி சென்னையை அடுத்த சோழவரத்தில் ‘கோளிளக்கம்’ படத்துக்காக ஹெலிகாப்டரைப் பிடித்துத் தொங்கினார். ஹெலிகாப்டர் தரையில் மோதியது. 41 வயதில் போய்விட்டார்.

கரை ஏறாத இருவர்

2016 நவம்பர் 7-ந்தேதி பெங்களூர் அருகே திப்பகொண்டனஹள்ளி ஏரியில் ‘மாஸ்தி குடி’ என்ற கன்னடப் படத்துக்கு கிளைமாக்ஸ் எடுத்தார்கள். ஹெலிகாப்டரில் இருந்து மூன்று நடிகர்கள் தண்ணீரில் குதித்தார்கள். கதாநாயகன் துனியா விஜய் தப்பினார். வில்லன்களாக நடித்த அனிலும் உதயும் மூழ்கிப் போனார்கள். அவர்களுக்கு டூப்பும் இல்லை. லைஃப் ஜாக்கெட்டும் இல்லை.

அப்படியானால் டூப் வைத்தால் போதுமா? போதாது. 2025 ஜூலை 13-ந்தேதி நாகை மாவட்டத்தில் ‘வேட்டுவம்’ ஷூட்டிங்கில் காரைப் பாய்ச்சியபோது சண்டைக் கலைஞர் எஸ்.எம்.ராஜு இறந்தார். தொழில் தெரிந்தவருக்கே அந்தக் கதி! ஹீரோ பிழைத்தால் சரி, டூப் செத்தால் பரவாயில்லை என்று விட முடியுமா? டூப்பும் மனுஷன்தான். அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும்.

கையெழுத்துக்கு முன்னால்...

பிச்சாவரத்தில் சுற்றுலாப் படகில் ஏறுகிறவர் லைஃப் ஜாக்கெட் போட வேண்டும். சும்மா வேடிக்கை பார்க்க வருகிறவருக்கே இந்தக் கட்டுப்பாடு. உயரத்தில் இருந்து குதிக்கிறவருக்கு எவ்வளவு வேண்டும்?

ஜாக்கெட் போட்டால் காட்சி கெட்டுவிடும் என்பார்கள். சரி. கேமராவில் படாத தூரத்தில் மோட்டார் படகு இன்ஜினை ஓடவிட்டுத் தயாராக நிற்கட்டும். நீச்சலில் கெட்டிக்காரர்களான உள்ளூர் மீனவர்களைக் கூலி கொடுத்து நிறுத்தட்டும். ஆம்புலன்ஸ் கரையிலேயே இருக்கட்டும். அவசரத்துக்கு ஓட, அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருவிலா இருக்கிறது?

குதிக்கிறவர் ஹீரோவோ, டூப்போ, அவர் பெயரில் இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்பதையும் முதலிலேயே கேட்க வேண்டும். விபத்து நடந்த பிறகு மாலை போடுவதும் அனுதாபச் செய்தி விடுவதும் யாருக்கு உதவும்?

ஷூட்டிங்குக்கு அனுமதி தரும் அதிகாரிகள் பேப்பரை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடக்கூடாது. படகையும் ஆளையும் நேரில் பார்த்த பிறகே போட வேண்டும். வேடிக்கை பார்க்கக் கூடும் ஊர்க்காரர்களும் கை தட்டுவதற்கு முன்னால் “மீட்புப் படகு எங்கேய்யா?” என்று ஒரு குரல் கொடுக்கலாம். தப்பில்லை.

தண்ணீரில் எத்தனை பேர் இறங்கினார்களோ அத்தனை பேரும் கரை ஏறியாக வேண்டும். அதற்குப் பிறகு டைரக்டர் “ஷாட் ஓகே” சொல்லட்டும்!