காகிதச் சிலந்தி

கிரேக்கப் புராணக் கதைகளைக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்க இக்காலத்தில் வெகு சுலபமான வழி ஒன்று கண்டுபிடித்திருக்கிறார்கள். கதையைச் சொல்ல வேண்டியதே இல்லை. கத்தரிக்கோலும் கோந்தும் கையில் கொடுத்துவிட்டால் போதும். காகிதத் தட்டில் கண்ணும் வாயும் வரைந்து, சுற்றிலும் பச்சைப் பாம்புகளை ஒட்டினால் மெடூஸா. செருப்புப் பெட்டிக்கு ஜிகினா ஒட்டினால் பாண்டோராவின் பெட்டி. அட்டைக்கு நாலு சக்கரம் வைத்தால் டிராய் நகரத்துக் குதிரை. கறுப்புக் காகிதத்தில் எட்டுக் கால் வெட்டினால் ஆரக்னே. முக்கால் மணி நேரத்தில் ஒரு புராணம் முடிந்துவிடுகிறது. வகுப்புச் சுவரில் முப்பது மெடூஸாக்கள் தொங்குகின்றன. முப்பதும் ஒரே அச்சு.

இங்கிலாந்தில் 2014 முதல் நடப்பில் இருக்கும் தேசியப் பாடத்திட்டத்தில், ஏழிலிருந்து பதினோரு வயது வரையுள்ள குழந்தைகளின் சரித்திரப் பாடங்களில் பண்டைக் கிரேக்கமும் ஒன்று. அந்தப் பாடத்தை ஒட்டி ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் கைவேலை யோசனைகள் ஏராளமாக அச்சாகின்றன. அவற்றில் சிலவற்றை நான் பொறுமையாகப் படித்துப் பார்த்தேன். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு, ஒரு நல்ல கதையை நாலு பேர் கூடி அட்டைப் பெட்டிக்குள் வைத்து ஒட்டுவதைப் பார்த்தால் வயிறு எரியாதா?

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கைவேலைக்கு விரோதியல்ல. கிரேக்கக் கதைகளைக் கைவேலை தெரியாமல் சரியாகப் புரிந்துகொள்ளவே முடியாது என்பதுதான் என் கட்சி. அந்தக் கதைகள் முழுக்க நெய்கிறவர்களும், கொல்லர்களும், தச்சர்களும், மண் பிசைகிறவர்களுமாக இருக்கிறார்கள். அவர்களுடைய தெய்வங்களில் ஒருவனே நொண்டிக் கால் கொல்லன். என் சண்டையெல்லாம் கதையை மறைக்கிற கைவேலையோடு.

அந்தச் சிலந்தியையே எடுத்துக்கொள்வோம். வகுப்பில் சொல்லப்படும் கதை இது: ஆரக்னே என்று ஒரு பெண் இருந்தாள், நன்றாக நெய்வாள், அகம்பாவம் தலைக்கேறித் தெய்வத்தையே போட்டிக்கு அழைத்தாள், அத்தீனா தேவி அவளைச் சிலந்தியாக்கிவிட்டாள், ஆகையால், குழந்தைகளே, கர்வம் கூடாது. கதை முடிந்தது. கறுப்புக் காகிதத்தை எடுங்கள்.

உள்ள கதை என்ன? ரோமானியக் கவி ஓவிட், கி.பி. 8-ஆம் ஆண்டு வாக்கில் எழுதி முடித்த 'உருமாற்றங்கள்' என்ற காவியத்தின் ஆறாம் காண்டத்தில் அது இருக்கிறது. ஆரக்னே ராஜகுமாரி அல்ல; லிடியா நாட்டில் கம்பளிக்குச் சாயம் தோய்க்கிற ஒருவனின் மகள். பிறப்பாலோ பணத்தாலோ வராத பேர், அவள் விரலால் வந்தது. தேவியும் அவளும் எதிரும் புதிருமாகத் தறி போட்டு, பாவு கட்டி, நெய்கிறார்கள். தேவி தன்னுடைய வெற்றியையும், நான்கு மூலைகளில் தெய்வத்தை எதிர்த்துக் கெட்டுப்போனவர்களையும் நெய்கிறாள். ஆரக்னேயோ, தெய்வங்கள் காளையாகவும் அன்னமாகவும் வேஷம் போட்டுப் பெண்களை ஏமாற்றிய கதைகளை ஒவ்வொன்றாக நெய்கிறாள். முடிந்ததும் தேவி பார்க்கிறாள். ஒரு குறையும் தென்படவில்லை. பொறாமையே உருவெடுத்து வந்தாலும் அதில் குற்றம் காண முடியாது என்று கவியே சாட்சி சொல்லுகிறான். உடனே தேவி துணியைக் கிழிக்கிறாள். கையிலிருந்த நாடாவால் அந்தப் பெண்ணின் நெற்றியில் மூன்று நான்கு தரம் அடிக்கிறாள். அவமானம் தாங்காமல் ஆரக்னே கழுத்தில் சுருக்கு மாட்டிக்கொள்ளுகிறாள். அதற்குப் பிறகுதான் சிலந்தி வருகிறது.

அப்பழுக்கில்லாமல் வேலை செய்த ஒருத்தி, உண்மையைச் சொன்ன ஒருத்தி, பலமுள்ள ஒருத்தியிடம் அடிபட்ட கதை இது. இதைக் 'கர்வம் கூடாது' என்று மடித்து வைப்பது எந்த ஊர் நியாயம்? சின்னக் குழந்தையிடம் சுருக்குக் கயிற்றைச் சொல்லாமல் விடலாம். நானாக இருந்தாலும் விட்டுவிடுவேன். ஆனால் துணி கிழிந்ததைச் சொல்லாமல் விட யாருக்கு உரிமை?

சிலந்தி வெட்டச் சொல்லுவதற்குப் பதில் நெய்யச் சொல்லுங்கள். ஓர் அட்டையின் இரண்டு ஓரங்களிலும் வரிசையாகச் சிறு வெட்டுக்கள் வெட்டி, நூலைப் பாவாகக் கட்டி, கம்பளி நூலை ஊடையாக விட்டு, ஒரு சாண் நெய்தால் போதும். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று விரல் ஓட வேண்டும். எண்ணிக்கை தப்பும். ஓரம் உள்ளே இழுத்துக்கொள்ளும். பிரித்து மறுபடி போட வேண்டியிருக்கும். இரண்டு நாள் பிடிக்கும். இரண்டாம் நாள் மாலை, அந்தக் கோணல்மாணல் துண்டைக் குழந்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருக்கும்போது, 'தேவி துணியைக் கிழித்தாள்' என்று சொல்லிப் பாருங்கள். கர்வம் கூடாது என்ற நீதியை அந்தக் குழந்தை சும்மா ஏற்றுக்கொள்ளாது. 'கிழித்தது சரியா?' என்று கேட்கும். அந்தக் கேள்விக்காகத்தான் இரண்டாயிரம் வருஷமாக இந்தக் கதை உயிரோடு இருக்கிறது.

பாண்டோராவின் பெட்டிக்கு வருவோம். கிரேக்கக் கதையில் பெட்டியே கிடையாது. ஹெஸியாட் என்ற பழங்கவி சொல்லுவது 'பித்தோஸ்'. தானியமும் எண்ணெயும் திராட்சை மதுவும் சேமித்து வைக்கிற பெரிய மண் தாழி அது. நம் பாட்டிமார் வீட்டு நெற்குதிர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். டயோஜனிஸ் என்ற ஞானி குடியிருந்ததாகச் சொல்லுவதும் இப்படிப்பட்ட தாழியில்தான். 16-ஆம் நூற்றாண்டில் எராஸ்மஸ் என்ற டச்சு அறிஞர் லத்தீனில் எழுதும்போது, சிறு பெட்டி என்று பொருள்படும் வேறு சொல்லைப் போட்டுவிட்டார். அன்று நுழைந்த பெட்டி இன்றுவரை வெளியேறவில்லை. 1851-இல் அமெரிக்க நாவலாசிரியர் ஹாதார்ன் குழந்தைகளுக்காக இந்தக் கதையை எழுதியபோது, பாண்டோராவையே ஆவல் அடங்காத சிறுமியாக்கி, பெட்டியின் பக்கத்தில் உட்கார்த்திவைத்தார்.

பெட்டியானால் என்ன, தாழியானால் என்ன என்று கேட்கலாம். நிறைய வித்தியாசம் இருக்கிறது. பெட்டியைத் திறப்பவள் அடுத்தவர் நகையை எட்டிப் பார்க்கிறவள். தாழியைத் திறப்பவள், நாள்தோறும் உலைக்கு அரிசி எடுக்கிற வீட்டுக்காரி. செருப்புப் பெட்டிக்கு ஜிகினா ஒட்டுகிற குழந்தைக்கு முதலாமவள் மட்டுமே தெரிவாள். களிமண்ணைக் கயிறாக உருட்டி, சுற்றின்மேல் சுற்றாக வைத்து, ஒரு சாண் தாழி செய்யச் சொல்லுங்கள். அவசரப்பட்டால் அடிச்சுற்று உட்கார்ந்துவிடும். கொஞ்சம் காயவிட்டுத்தான் மேலே ஏற்ற வேண்டும். கடைசியில் வாயை உட்பக்கமாக மடிக்கும்போது ஆசிரியர் சொல்லட்டும்: 'எல்லாத் துன்பமும் பறந்து போன பிறகு நம்பிக்கை ஒன்று மட்டும் இந்த விளிம்புக்குக் கீழே தங்கிவிட்டது.' குழந்தை தன் விரலால் அந்த விளிம்பைத் தொட்டிருக்கிறது. அதற்கு இடம் தெரியும். அப்புறம், துன்பங்களோடு சேர்த்து நம்பிக்கையை எதற்காக வைத்தார்கள், அது நல்லதா கெட்டதா என்று கேட்கும். பெரிய பண்டிதர்கள் இன்றைக்கும் சண்டை போடுகிற கேள்வி அது. அதை ஒரு குழந்தை கேட்பதற்கு ஒரு பிடி களிமண் போதும்.

ஹோமரின் பெனலோப்பி இருக்கிறாள். மாமனாரின் சவத்துக்குப் போர்த்தும் துணியை நெய்து முடித்தால்தான் மறுமணம் என்று சொல்லிவிட்டு, பகலில் நெய்து இரவில் பிரித்து, மூன்று வருஷம் ஓட்டினவள். இந்தக் கதைக்காக நெய்யவைக்கிற வகுப்புகள் உண்டு. நெய்த துண்டைச் சுவரில் மாட்டிப் பெற்றோரைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள். பிரிக்கச் சொன்ன ஆசிரியர் எத்தனை பேர்? பெனலோப்பியின் சாமர்த்தியமும் துக்கமும் பிரிப்பதில் அல்லவா இருக்கின்றன? தான் நெய்ததைத் தானே பிரிக்கிற குழந்தைக்கு, அந்த மூன்று வருஷம் எப்படிப்பட்டது என்று கொஞ்சமாவது விளங்கும். சுவர் வெறுமையாக இருந்தால் இருக்கட்டுமே!

இகாரஸின் சிறகும் அப்படித்தான். அட்டைச் சிறகைத் தோளில் கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள்; 'அப்பா சொன்னதைக் கேட்கவில்லை, விழுந்தான்' என்று நீதி வருகிறது. அப்பா டெடாலஸ் சொன்னது இரண்டு விஷயம். சூரியனுக்குப் பக்கத்தில் போகாதே, மெழுகு உருகும். கடலுக்குப் பக்கத்தில் போகாதே, இறகு நனைந்து கனக்கும். இரண்டாவதைப் பாதிப் பேர் சொல்லுவதில்லை. அதிகம் ஆசைப்படாதே என்று போதிக்க முதல் பாதி போதும் அல்லவா? ஓவிட்டின் காவியத்தில், தகப்பன் சிறிய இறகிலிருந்து பெரிய இறகு வரை வரிசைப்படுத்தி, நடுவில் நூலாலும் அடியில் மெழுகாலும் சேர்க்கும்போது, பையன் பக்கத்தில் நின்று பறக்கிற இறகைப் பிடிக்கிறான். மெழுகைக் கட்டைவிரலால் அழுத்தி விளையாடுகிறான். வேலைக்குத் தொந்தரவாக இருக்கிறான். மெழுகையும் இறகையும் குழந்தை கையில் கொடுங்கள். கை அழுத்தத்திலேயே மெழுகு இளகுவதையும், தண்ணீரில் தோய்ந்த இறகு ஒட்டிக்கொள்வதையும் அது தெரிந்துகொள்ளட்டும். இகாரஸ் செய்ததையே அதுவும் செய்துகொண்டிருக்கிறது என்று அப்போது சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் இரண்டு ஆட்சேபணைகள் வரும் என்று எனக்குத் தெரியும்.

ஒன்று, குழந்தைகளுக்கு எதற்கு இத்தனை கொடூரம் என்பது. நல்ல கேள்விதான். ஆனால் கேட்கிறவர்கள் ஒரு பானையைப் பார்க்க வேண்டும். 1961-இல் மிக்கோனோஸ் தீவில் ஒரு தாழி தோண்டியெடுக்கப்பட்டது. கி.மு. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நாலடிக்கு மேல் உயரம். கழுத்தில் டிராய்க் குதிரை புடைப்பாகச் செய்யப்பட்டிருக்கிறது. காலில் சக்கரம், உடம்பில் சன்னல்கள், சன்னலுக்குச் சன்னல் ஒரு வீரன் தலை. இன்றைய அட்டைக் குதிரைகளுக்கெல்லாம் பாட்டனார் அது. ஆனால் அந்தக் குயவன் குதிரையோடு நிறுத்தவில்லை. தாழியின் வயிற்றில் கட்டம் கட்டமாக, குதிரையிலிருந்து இறங்கியவர்கள் தாய்மார் கண்ணெதிரே குழந்தைகளை வெட்டுவதை வரிசையாகச் செய்துவைத்திருக்கிறான். ஜெயித்தது அவனுடைய ஜாதி. அழுதவர்கள் அவனுடைய எதிரிகள். இருந்தும் மறைக்கவில்லை. அந்தக் கட்டங்களை ஏழு வயதுக் குழந்தைக்குக் காட்டச் சொல்லவில்லை. குதிரைக்குள் சாக்லெட் வைத்து விளையாடுவதோடு நிறுத்தாதீர்கள், அந்த ஊரில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்ற ஒரு வாக்கியத்தையாவது சொல்லுங்கள் என்கிறேன். ஒரு வாக்கியத்தால் எந்தக் குழந்தையும் கெட்டுவிடாது. பொய்யைக் கேட்டு வளர்வதால் கெடலாம்.

இரண்டாவது, நேரமில்லை என்பது. 1896-இல் சிகாகோ சர்வகலாசாலையில் ஜான் டூயி என்ற தத்துவப் பேராசிரியர் ஒரு பரிசோதனைப் பள்ளிக்கூடம் தொடங்கினார். அங்கே குழந்தைகளுக்குப் பஞ்சும் கம்பளியும் கொடுத்தார்கள். ஒரு கூட்டம் அரை மணி நேரம் உட்கார்ந்து கொட்டையிலிருந்து பஞ்சைப் பிரித்தது. கிடைத்தது ஓர் அவுன்ஸ்கூட இல்லை. முன்னோர் பருத்தியைவிடக் கம்பளியை ஏன் அதிகம் உடுத்தினார்கள் என்பது யாரும் சொல்லாமலே அவர்களுக்குப் புரிந்தது. அரை மணி நேரம் வீணா? முப்பது சிலந்தி வெட்டிச் சுவரில் ஒட்டியதில் என்ன புரிந்தது என்று யாராவது எனக்குச் சொன்னால், நான் என் பேனாவை மூடி வைத்துவிடுகிறேன்.

ஆசிரியப் பெருமக்களுக்குக் கடைசியாக ஒரு கதை. டெடாலஸிடம் தொழில் பழக, அவனுடைய சகோதரி தன் பன்னிரண்டு வயது மகனை அனுப்பினாள். அந்தப் பையன் ஒரு மீனின் முதுகெலும்பைப் பார்த்தான்; அதே மாதிரி இரும்பில் பல் வெட்டினான்; உலகத்தின் முதல் ரம்பம் பிறந்தது. இரண்டு கம்பிகளை ஒரு முனையில் பூட்டிக் கவராயமும் செய்தான். குருவுக்குப் பொறுக்கவில்லை. அத்தீனாவின் கோட்டை உச்சியிலிருந்து அவனைத் தள்ளிவிட்டு, தவறி விழுந்தான் என்று சொன்னான். கெட்டிக்காரர்களிடம் பிரியமுள்ள தேவி பையனை நடுவானில் தாங்கிக் கௌதாரியாக்கினாள் என்கிறார் ஓவிட். இகாரஸுக்குத் தகப்பன் குழி வெட்டியபோது, அந்தக் கௌதாரி சிறகடித்துச் சிரித்ததாம்.

இந்தக் கதைக்குக் கைவேலை யோசனை எதுவும் என் கண்ணில் படவில்லை. படாததில் ஆச்சரியமில்லை. பென்சில் கோடு போட்டு, வெட்டவேண்டிய இடத்தைப் புள்ளியிட்டு, ஒட்டவேண்டிய இடத்துக்கு எண் போட்டு ஒரு தாளைக் குழந்தை கையில் கொடுத்து, மெடூஸாவின் பாம்புகளில் ஒன்று தூங்குவதுபோல் வரைந்த பிள்ளையை 'மாதிரியைப் பார்த்துச் செய்' என்று அதட்டுகிறவர்கள், எந்தக் கோட்டை உச்சியில் நின்றுகொண்டு அதட்டுகிறார்கள் என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். அச்சுத் தாள்களைக் கிழித்துப் போடுங்கள். நூலும் மண்ணும் மெழுகும் கொடுங்கள். கதையை முழுசாகச் சொல்லுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு, பிள்ளைகள் என்ன கேட்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள்.