தலையெழுத்தும் தமிழெழுத்தும்

உளி பிடிக்கக் கற்பதற்குப் பல வருஷம் செல்லும் என்பதை நம் நாட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்ளுகிறார்கள். ஆனால், மூன்று நான்கு வயதுக் குழந்தைகளைப் படிப்புக்குத் தயார் செய்யும் வேலைக்கு மாத்திரம், "பயிற்சி எதற்கு? பாட்டுப் பாடிச் சோறு போட்டால் போதாதா?" என்று கேட்கிறார்கள்.

அங்கன்வாடித் திட்டம் 1975-ஆம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி ஆரம்பமாயிற்று. பள்ளிக்கு முந்திய கல்வியும் அதன் ஆறு பணிகளில் ஒன்று. ஆனால் அங்குள்ள ஆசிரியை எடை பார்த்து, உணவு கொடுத்து, தடுப்பூசிக்கு ஆள் கூட்டி, கணக்கும் எழுதி முடித்த பிறகு மிஞ்சுகிற நேரம்தான் கல்விக்கு.

நிற்க, இவ்வேலைக்குப் படிக்கும் மாணவிகளுக்கு என்ன கற்பிக்க வேண்டும்? வாசிப்பு கண்ணில் ஆரம்பிப்பதல்ல, காதில் ஆரம்பிப்பது என்பதை முதலில் கற்பிக்க வேண்டும். "அம்மா" என்றால் இரண்டு தட்டு, "பட்டாணி" என்றால் மூன்று தட்டு என்று கைதட்டி விளையாடும் குழந்தை, சொல்லை ஓசைகளாகப் பிரிக்கப் பழகுகிறது. "மரம், மணி, மலை" ஒரே ஓசையில் தொடங்குவதைக் கண்டு சிரிக்கும் குழந்தைக்கு "ம" என்ற எழுத்து பிற்பாடு பாரமாயிராது. இதைச் செய்யாமல், 247 எழுத்துக்களையும் அட்டையில் காட்டிக் கத்தச் சொல்லுவதும், விரல் உறுதிப்படாத வயதில் பலகையைக் கொடுத்து எழுதச் சொல்லுவதும் கல்வியாகுமா?

நம் எழுத்தின் தன்மையையும் மாணவிகள் அறிய வேண்டும். "கல்", "பகல்", "தங்கம்" ஆகிய மூன்றிலும் உள்ள "க" ஒன்றே, ஓசையோ மூன்று. "கெ" என்பதில் பின்னே ஒலிக்கும் உயிருக்கு உரிய குறி முன்னே நிற்கிறது. குழந்தை தடுமாறுவது இங்கேதான். காரணம் தெரிந்த ஆசிரியை சொல்லிக் கொடுப்பாள். தெரியாதவள் "மண்டையில் ஏறவில்லை" என்பாள். பெற்றோரோ, "அவன் தலையெழுத்து" என்பார்கள். தலையில் எழுத்திருப்பதை எவரும் கண்டதில்லை. பலகையில் உள்ள எழுத்தைச் சரியாய்ச் சொல்லிக் கொடுக்காத குற்றத்தை மறைப்பதற்கே அந்த எழுத்து உதவுகிறது. அதுபோலவே, விஜயதசமியன்று அரிசியில் விரல் பிடித்து எழுதிவிட்டால் வித்தை வந்துவிடும் என்பதும். வித்தை தினந்தோறும் கதை கேட்பதில் வருகிறதே யொழிய ஒரு நாள் சடங்கில் வருவதில்லை.

ஆகவே, பயிற்சி என்பது குறிப்பெழுதிப் பரீட்சை கொடுப்பதோடு முடியலாகாது. மாணவி குழந்தைகளின் நடுவில் உட்கார்ந்து, விரல் வைத்துக் கதை வாசித்து, கேள்வி கேட்டு, அனுபவமுள்ளவர் பார்த்துத் திருத்த, மீண்டும் வாசித்துப் பழக வேண்டும். கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்குக் காதுப் பரிசோதனை தேவை என்று கண்டுகொள்ளவும் பழக வேண்டும்.

படித்தவர் வீட்டுப் பிள்ளைக்கு மடியிலேயே புத்தகம் கிடைக்கிறது. கூலிக்காரர் பிள்ளைக்கு இந்த ஓர் அறைதான் உண்டு. அவ்வறையில் பயிற்சியற்றவரை வைத்துவிட்டு, பிற்பாடு ஐந்தாம் வகுப்பில் "இவனுக்கு வாசிக்கத் தெரியவில்லை" என்று சொல்லுவது யோக்கியமா என்று பொதுஜனங்களையும் சர்க்காரையும் கேட்கின்றோம்.