ஆசிரியரை அளப்போரை அளப்பவர் யார்?

மட்டக்களப்பு வாவிக்கு இரு கரைகள். கதிரவன் எழும் திசையில் இருப்பது எழுவான்கரை. விழும் திசையில் இருப்பது படுவான்கரை. நகரமும் பெயர்பெற்ற பாடசாலைகளும் பெரிய அலுவலகங்களும் எழுவான்கரைப் பக்கம் அமைந்துவிட்டன. வயலையும் மேய்ச்சல் தரையையும் நம்பி வாழும் கிராமங்கள் படுவான்கரையில் இருக்கின்றன. ஆசிரியர் பற்றாக்குறை என்ற சொல் இவ்விரு கரைகளிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. நகரத்தில் அது ஒரு பாடத்துக்கு ஆளில்லை என்பதைக் குறிக்கும். கொக்கட்டிச்சோலைக்கு அப்பாலுள்ள சிற்றூர்களிலோ, ஓர் ஆசிரியர் மூன்று வகுப்புகளை ஒருசேர வைத்துக்கொண்டிருப்பதைக் குறிக்கும்.

2014 ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. அதுவரை பாதைப்படகை நம்பியிருந்த மக்களுக்கு அது பெரும் வரம் என்பதில் ஐயமில்லை. பாதை வந்தால் ஆசிரியரும் வருவார் என்று நம்பியவர்கள் அன்று பலர். ஆனால், படுவான்கரையை விட்டு ஆசிரியரை நிரந்தரமாகக் கொண்டுபோவது வாவியன்று, இடமாற்றக் கடிதம். அதனினும் கொடியது ‘தற்காலிக இணைப்பு’ என்னும் ஏற்பாடு. ஆசிரியரின் பெயர் கஷ்டப் பிரதேசப் பாடசாலையின் ஏட்டில் இருக்கும். ஆள் நகரப் பாடசாலையில் இருப்பார். ஏட்டின்படி வெற்றிடம் இல்லை. ஆகவே வேறொருவரை அனுப்பவும் வழியில்லை. கணித பாடம் இல்லாமலே பரீட்சை மண்டபத்துக்குப் போகும் பிள்ளையிடம் இந்த ஏட்டைக் காட்டி யார் ஆறுதல் சொல்வது?

இத்தகைய நிலைக்குப் பொதுவாகக் குற்றஞ் சாட்டப்படுவோர் இருவர்: ஊருக்குப் போக மறுக்கும் ஆசிரியர், கையெழுத்திட்ட வலயக் கல்விப் பணிப்பாளர். இருவருமே இந்த அமைப்பின் கடைசிப் படியில் நிற்பவர்கள். முதற்படியில் நிற்பவர் யார் என்று நாம் கேட்பதில்லை. ஆசிரியரை நியமிக்கவும் மாற்றவும் தண்டிக்கவும் அதிகாரம் பெற்ற சபையை அமைப்பவர் யார்? அவரைக் கேள்வி கேட்பவர் யார்? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் கல்வியின் பெரும்பகுதியை மாகாணத்துக்குக் கொடுத்தது. அதே ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டம், மாகாணப் பொதுச் சேவையின் நியமனம், இடமாற்றம், பதவிநீக்கம், ஒழுக்காற்றுக் கட்டுப்பாடு ஆகிய அனைத்தையும் ஆளுநரிடம் ஒப்படைத்தது. அவர் விரும்பினால் அந்த அதிகாரத்தை மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவிடம் கையளிக்கலாம். அந்த ஆணைக்குழுவின் உறுப்பினர்களை நியமிப்பவரும் ஆளுநரே. மூவருக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தலைவரைப் பெயர் குறிப்பதும் அவர்தாம். அதோடும் முடியவில்லை. ஆணைக்குழு செய்த நியமனத்தையோ, பிறப்பித்த இடமாற்றத்தையோ, வழங்கிய ஒழுக்காற்றுக் கட்டளையையோ மாற்றவும் இரத்துச் செய்யவும் ஆளுநருக்கு அதிகாரம் உண்டு.

இதைச் சற்று நிதானித்துப் பாருங்கள். கொடுப்பவர் அவர், வாங்குபவரைத் தெரிபவர் அவர், வாங்கியவர் செய்ததை அழிக்கக் கூடியவரும் அவர். ஆணைக்குழு என்று பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அதன் உறுப்பினர்கள் நேர்மையாளராக இருக்கலாம். பலர் அவ்வாறே இருந்திருப்பர். ஆனால் தனி மனித நேர்மையை நம்பி நிற்கும் ஏற்பாட்டுக்குச் சட்டம் எதற்கு?

கொழும்பில் நிலைமை இவ்வளவு மோசமில்லை என்பதுதான் வேடிக்கை. நாடு முழுவதற்குமான அரசாங்க சேவை ஆணைக்குழுவின் ஒன்பது உறுப்பினர்களை ஜனாதிபதி தம் விருப்பப்படி நியமிக்கக் கூடாது, அரசியலமைப்புப் பேரவையின் சிபாரிசு வேண்டும் என்ற விதியை 2001இன் பதினேழாவது திருத்தம் கொண்டுவந்தது. 2010இல் அதைப் பிடுங்கினார்கள். 2015இல் மீண்டும் நட்டார்கள். 2020இல் மறுபடி பிடுங்கினார்கள். 2022இன் இருபத்தோராவது திருத்தம் திரும்ப நட்டது. இருபதாண்டு காலம் நாடே இதற்காக வழக்காடியது, வீதியில் இறங்கியது. ஆனால் மாகாண ஆணைக்குழுவுக்கு அத்தகைய வடிகட்டி வேண்டும் என்று அந்த வாதப் பிரதிவாதங்களில் குரல் எழுப்பியோர் அரிதினும் அரிது. அதிகாரப் பகிர்வைக் கோரி அறுபது ஆண்டு பேசிய நம் தலைவர்களும் இந்தப் பிரிவைத் தங்கள் மேடைப் பேச்சின் பொருளாக்கவில்லை. காணி, பொலிஸ் என்று முழங்கியவர்களுக்கு ஆசிரியரின் இடமாற்றக் கடிதம் சிறிய விடயமாகத் தோன்றியிருக்கலாம். படுவான்கரைத் தாய்க்கு அது சிறிய விடயமன்று.

ஆளுநர் என்பவர் யார்? ஜனாதிபதியால் நியமிக்கப்படுபவர், அவர் விரும்பும் வரை பதவியில் இருப்பவர். 2019 நவம்பரிலும் 2024 செப்டெம்பரிலும் ஜனாதிபதி மாறியவுடன் ஆளுநர்களும் மாறியதை நாம் கண்டோம். கிழக்கில் மக்கள் தெரிந்த மாகாண சபை இருந்த காலம் மிகக் குறைவு. இணைந்த வடக்கு கிழக்கில் 1988இல் அமைந்த சபை 1990இல் முடிந்தது. பிறகு 2008 மே மாதம் வரை எதுவுமில்லை. 2012இல் தெரிவான இரண்டாவது சபையின் காலம் 2017 செப்டெம்பர் 30ஆம் திகதி முடிவடைந்தது. அதே ஆண்டு தேர்தல் சட்டத்தைத் திருத்தினார்கள். எல்லை நிர்ணய அறிக்கையை 2018இல் பாராளுமன்றத்திலேயே தோற்கடித்தார்கள். அதன் பின்னர் ஆண்டுகள் பல கடந்தும் தேர்தல் முடக்கப்பட்டே கிடந்தது. வினாத் தொடுக்க ஓர் உறுப்பினரும் இல்லாத வெற்று மண்டபத்தில் ஆளுநரின் கையெழுத்து மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இவ்விடத்தில் நம்மவர் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு: “எங்கள் ஆள் ஆளுநராக வந்தால் எல்லாம் சரியாகும்.” கிழக்கு இதையும் சோதித்துப் பார்த்துவிட்டது. கடற்படை அதிகாரியாக இருந்த மொஹான் விஜேவிக்ரம வந்தார். 2019 ஜனவரி முதல் ஜூன் வரை ஹிஸ்புல்லாஹ் இருந்தார். அவருக்குப் பின் வந்தவர்களுள் அனுராதா யஹம்பத், செந்தில் தொண்டமான், பேராசிரியர் ஜயந்த லால் ரத்னசேகர ஆகியோர் அடங்குவர். சிங்களவர், முஸ்லிம், தமிழர் என எல்லாச் சமூகத்தவரும் அந்த ஆசனத்தில் அமர்ந்தாயிற்று. பிரிவு மாறவில்லை. ஒரு சமூகத்தார் மகிழ்ந்த நாளில் மற்றச் சமூகத்தார் அஞ்சினர், அவ்வளவே. நியமிக்கும் முறை பொதுவாக இருந்தால் நியமிக்கப்படுபவரின் பெயரைக் கேட்டு எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

“மாகாண சபைத் தேர்தல் வந்தால் போதும்” என்பது இன்னொரு சமாதானம். தேர்தல் வரவேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆயினும் 2008க்கும் 2017க்கும் இடையில் சபை இருந்தபோதும் இதே பிரிவுதான் இருந்தது. அரசியல்வாதியின் கடிதத்தோடு கல்வி அலுவலகப் படியேறியவர்கள் அக்காலத்திலும் குறையவில்லை. கடிதம் எழுதும் கை ஆளுநருடையதா அமைச்சருடையதா என்பது வகுப்பறைக்கு ஒன்றே.

தரம் பற்றிய கதை தனிக் கதை. ஆசிரியர் கல்வியை மேற்பார்வை செய்யவென 1997ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தேசிய ஆசிரியர் கல்வி அதிகாரசபை என ஒன்றை அமைத்தார்கள். சில ஆண்டுகளிலேயே அது செயலற்றுப் போயிற்று. பொறுப்பு அமைச்சின் கைக்கே திரும்பியது. 1991இன் சட்டத்தால் பிறந்த தேசிய கல்வி ஆணைக்குழுவோ ஜனாதிபதிக்கு ஆலோசனை கூறுவதோடு நின்றுவிடுகிறது. இலங்கை ஆசிரியர் சேவைக்கு 1994இலும் 2014இலும் வெளிவந்த பிரமாணக் குறிப்புகள் தகைமை, பதவி உயர்வு பற்றிப் பேசுகின்றன. அவை வேலை கொடுப்பவர் வகுத்த விதிகள். மருத்துவருக்கு மருத்துவ சபை இருக்கிறது. வழக்கறிஞரின் பெயர் உயர்நீதிமன்றப் பதிவேட்டில் இருக்கிறது. இலட்சக்கணக்கான ஆசிரியருக்கு அத்தகைய பதிவேடு இல்லை.

இல்லாததன் விளைவை நாம் அறிவோம். தாளங்குடாவிலுள்ள தேசிய கல்வியியற் கல்லூரியில் பயின்று வந்தவரும், பட்டம் பெற்றபின் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பெயரில் பாடசாலைக்கு அனுப்பப்பட்டவரும், ஆண்டுக் கணக்கில் சம்பளமின்றிக் கற்பித்த தொண்டர் ஆசிரியரும் ஒரே ஓய்வறையில் அமர்ந்திருக்கிறார்கள். இவர்களுள் எவரையும் நான் குறைகூறவில்லை. போர்க்காலத்தில் பள்ளிகளைத் திறந்து வைத்திருந்தவர்கள் தொண்டர்களே. எவருக்கு என்ன பயிற்சி இன்னும் தேவை என்று சொல்லும் அதிகாரம் பெற்ற ஓர் இடம் இல்லாததால், அந்த முடிவுகள் தேர்தல் மேடைகளிலும் உண்ணாவிரதப் பந்தல்களிலும் எடுக்கப்படுகின்றன என்பதே என் வாதம்.

ஸ்கொத்லாந்தில் வாழும் நம்மவர் இதற்கு மாற்று வழியைக் கண்முன் காண்கின்றனர். அங்கு ஆசிரியர் பேரவை 1965ஆம் ஆண்டின் சட்டத்தால் தோன்றியது. 2012இல் அரசிடமிருந்து விலகிச் சுயாதீனமான அமைப்பாயிற்று. அப்போது அதன் 37 உறுப்பினருள் 19 பேர் ஆசிரியர்களால் தெரிவு செய்யப்படுவோர். 11 பேர் கல்வி நிறுவனங்கள் முதலியவற்றால் பெயர் குறிக்கப்படுவோர். எஞ்சிய எழுவர் பொதுமக்கள் சார்பில் நியமிக்கப்படுவோர். ஆசிரியரே ஆசிரியரைக் காப்பாற்றுவர், தொழிற்சங்கம் புகுந்துவிடும் என்ற அச்சம் அங்கும் இருந்தது. பொதுமக்களுக்கும் ஆசனம் ஒதுக்கி அதற்கு விடை கண்டார்கள். எல்லா இடத்திலும் இது நிலைத்தது என்று சொல்ல மாட்டேன். 2000இல் பணி தொடங்கிய இங்கிலாந்தின் பேரவையை 2012இல் அரசு கலைத்துவிட்டது. ஒன்ராறியோவில் ஆசிரியர்கள் வாக்களித்து உறுப்பினரைத் தெரியும் முறையை 2020இல் மாற்றினார்கள். அரசுகள் இத்தகைய சபைகளை விரும்புவதில்லை என்பதையே இவை காட்டுகின்றன. அரசு விரும்பாததையே நாம் கேட்கவேண்டியிருக்கிறது.

கேட்கவேண்டியவை அதிகமில்லை. மாகாண ஆணைக்குழுவின் உறுப்பினரை ஆளுநர் தனித்து நியமிக்கும் பிரிவைத் திருத்த வேண்டும். மூன்று சமூகத்தினரும் கல்வியாளரும் அடங்கிய தெரிவுக் குழுவின் சிபாரிசு கட்டாயமாக வேண்டும். ஆணைக்குழுவின் கட்டளையை ஆளுநர் மாற்றினால், காரணத்தை எழுத்தில் வெளியிட வேண்டும். ஒவ்வொரு வலயத்திலும் தற்காலிக இணைப்பில் இருக்கும் ஆசிரியரின் எண்ணிக்கையைத் தவணைதோறும் அறிவிக்க வேண்டும். ஆசிரியரின் தகைமையைப் பதிவு செய்து பேணும் சபை, சம்பளம் கொடுக்கும் அமைச்சிலிருந்து வேறாக இருக்க வேண்டும்.

இவற்றுள் இணைப்பின் எண்ணிக்கையை வெளியிடுவதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை. 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பெற்றோரும் அதைக் கேட்கலாம். மட்டக்களப்பு மேற்கு வலயத்துப் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் இந்தத் தவணையிலேயே அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுக்கட்டும். புலம்பெயர்ந்து வாழ்வோர் பிறந்த ஊர்ப் பள்ளிக்குக் கணினியும் கட்டடமும் அனுப்புகிறார்கள், நன்றி. அவற்றோடு, அங்கே கற்பிக்க வேண்டியவர் எங்கே இணைக்கப்பட்டிருக்கிறார் என்றும் ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். பதில் வருமா என்பதைப் பார்ப்போம்.