ஊரிடமிருந்து யார் காப்பது?

தமிழில் அதிநாயகப் படங்கள் சரியாக அமைவதில்லை என்ற குறை நம் திரைவிமர்சகர்களிடம் நெடுநாளாக இருந்துவருகிறது. முதலீடு போதாது, வரைகலை போதாது, வேட்டி கட்டும் ஊருக்கு முகமூடி பொருந்தாது என்றெல்லாம் காரணங்கள் அடுக்கப்படுகின்றன. இவற்றில் எதுவும் உண்மையான காரணமல்ல என்பதே எங்கள் தரப்பு. அதிநாயகன் என்ற கற்பனை ஒரு பிரிவினையின் மேல் நிற்கிறது: காப்பவன் வேறு, துரத்துபவன் வேறு. அந்தப் பிரிவினையை நம் கதைமனம் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. நம்மிடம் இருவரும் ஒருவராகவே இருக்கிறார்கள்.

எல்லோரும் பார்த்த படத்திலிருந்தே தொடங்கலாம். 2010 அக்டோபரில் வெளிவந்தது 'எந்திரன்'. வசீகரன் என்ற விஞ்ஞானி, சனா என்ற அவருடைய காதலி. இவர்கள் இருவரையும் துரத்துகிற, மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்ட சிட்டி. மண நாளில் மணப்பெண்ணைத் தூக்கிச் செல்கிறது எந்திரம். தன் பிரதிகளைப் படையாக நிறுத்திக் கோட்டை கட்டி, அவளை அதற்குள் அடைத்து வைக்கிறது. அதை வீழ்த்தி அவளை மீட்கிறார் வசீகரன். அதிநாயகக் கதையின் அத்தனை உறுப்புகளும் இங்கே உள்ளன. ஆனால் காப்பவருக்கும் துரத்துவதற்கும் முகம் ஒன்றே, இரண்டும் ரஜினிகாந்த். கைத்தட்டல் எதற்குக் கிடைத்தது என்பதும் நமக்குத் தெரியும். சிட்டி தன் உறுப்புகளைத் தானே கழற்றி வைக்கும் காட்சியில் அரங்கம் கலங்கியது. அடைத்து வைக்கப்பட்டவளின் அச்சம் யாருடைய நினைவிலும் தங்கவில்லை.

எந்திரம் வேண்டியதுகூட இல்லை. பெண் மறுக்க மறுக்கப் பின்தொடர்வதையே காதலின் இலக்கணமாக்கிய நாயகர்களைப் பல பத்தாண்டுகளாக நாம் கொண்டாடி வந்திருக்கிறோம். பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பது, கல்லூரி வாசலில் நிற்பது, தோழியிடம் முகவரி வாங்குவது, கடைசியில் அவள் இசைவது. இதே செயல்களை வில்லன் செய்தால் நாயகன் வந்து அடிப்பான். அந்த அடி செயலுக்கு விழுவதில்லை, ஆளுக்கு விழுகிறது.

பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் இதே கதையைச் சற்று நேர்மையாகச் சொன்னார்கள். பேசில் ஜோசப் இயக்கி 2021 டிசம்பரில் வெளிவந்த 'மின்னல் முரளி' குறுக்கன்மூலை என்ற கற்பனை ஊரில் நடக்கிறது. ஒரே மின்னல் இருவரைத் தாக்குகிறது. ஒருவன் தையற்காரன் ஜெய்சன்; அவன் அதிநாயகனாகிறான். மற்றவன் ஷிபு, உஷா என்ற ஒருத்தியை இளமையிலிருந்தே மனத்தில் வைத்து உருகியவன், அவள் பொருட்டுக் கொலையும் செய்யத் துணிகிறான். ஷிபுவாக நடித்தவர் நம் கூத்துப்பட்டறையில் பயின்ற குரு சோமசுந்தரம். தமிழ்ப் பார்வையாளர்கள் ஷிபுவுக்காக உருகினார்கள், 'உண்மைக் காதல்' என்றார்கள். அவர்கள் பேசாமல் விட்ட காட்சி ஒன்று உண்டு. உஷாவைக் கொல்வது ஷிபு அல்ல. ஷிபுவைத் தண்டிக்கத் திரண்டுவந்த ஊர் மூட்டும் தீயில்தான் அவள் சாகிறாள். அதிநாயகப் படங்களில் ஊர் என்பது பெரும்பாலும் காக்கப்பட வேண்டிய அப்பாவிக் கூட்டம். இந்தப் படத்தில் ஊரின் கையில் தீப்பந்தம் இருக்கிறது.

இந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு கணவாய்க்கு இப்பால், எங்கள் கொங்கு நாட்டுக்கு வருவோம்.

முகமூடி நாயகன் கொங்குக்குப் புதியவனல்ல. நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை எழுதிய 'மலைக்கள்ளன்' நாவலைக் கோவையின் பட்சிராஜா ஸ்டூடியோ 1954இல் படமாக்கியது. இயக்கியவர் ஸ்ரீராமுலு நாயுடு, உரையாடல் மு. கருணாநிதி, நடித்தவர்கள் எம்.ஜி.ஆரும் பானுமதியும். குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப்படம் அது. பகலில் ஒரு வேடம், இரவில் ஒரு வேடம், மலையில் ஒரு மறைவிடம், கடத்தப்பட்ட பூங்கோதையை மீட்கும் வீரம் என்று எல்லாம் அதில் இருந்தன. ஆனால் வேடம் கலையும்போது வெளிப்படுபவன் யார்? பூங்கோதையின் உறவுமுறைக்காரன். எத்தனை சாகசத்துக்குப் பிறகும் பெண் முறையான இடத்துக்கே போய்ச் சேர்ந்தாள். பார்த்தவர்கள் நிம்மதியாக வீடு திரும்பினார்கள்.

ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து, கோவைக்காரரான ஹிப்ஹாப் ஆதி நடித்து 2023இல் வந்தது 'வீரன்'. இங்கும் மின்னல் தாக்குகிறது, இங்கும் ஆற்றல் பிறக்கிறது. கூடவே ஊர்க்காவல் தெய்வமும் துணை நிற்கிறது. பேராபத்தைக் கொண்டுவரும் ஒரு நிறுவனத்தின் திட்டத்திலிருந்து நாயகன் தன் ஊரைக் காப்பாற்றுகிறான். நல்லது. வெளியிலிருந்து வரும் பகைவனிடமிருந்து ஊரைக் காக்க நம்மிடம் எப்போதும் ஆள் உண்டு. அண்ணன்மார் கதை தொட்டு அதுவே நம் வீரத்தின் வடிவம். நாங்கள் கேட்பது வேறு. ஊரே துரத்தும்போது, துரத்தப்படும் இருவரைக் காக்க நம் கதைகளில் யார் இருக்கிறார்கள்?

இந்தக் கேள்வி கற்பனையிலிருந்து பிறந்ததல்ல.

2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்கு ஓர் இளைஞனும் அவனோடு படித்த ஒரு பெண்ணும் வந்தார்கள். அவன் கோகுல்ராஜ், பொறியியல் பட்டதாரி, தலித். அவள் கொங்கு வேளாளர். இருவரும் பேசிக்கொண்டிருந்தது ஒரு கும்பலின் கண்ணில் பட்டது. அவளைப் பிரித்து அனுப்பிவிட்டு அவனைக் கொண்டுபோனார்கள். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் பாதையில் தலை துண்டிக்கப்பட்ட அவனுடைய உடல் கிடந்தது. அந்தக் கோயிலில் வீற்றிருக்கும் இறைவன் ஆணும் பெண்ணும் ஓருடலாக நிற்பவன் என்பதைக் கொங்கில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கும்பலை வழிநடத்தியவர் 'தீரன் சின்னமலைக் கவுண்டர் பேரவை' என்ற அமைப்பின் தலைவர். அவர் முகமூடி அணியவில்லை. தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் குரல்பதிவுகளை வெளியிட்டார். அவற்றைக் கேட்டுப் பரப்பிய கைகள் ஏராளம். 2015 அக்டோபரில் அவர் சரணடைந்தபோது ஆதரவாளர்கள் திரண்டு நின்றார்கள். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டு 1805இல் சங்ககிரியில் தூக்கிலேறிய ஒரு வீரனின் பெயர், நிராயுதபாணியாகப் பேசிக்கொண்டிருந்த ஓர் இளைஞனைக் கொல்வதற்குப் பதாகையானது. காவலனின் பெயரைத் துரத்துபவன் சூடிக்கொண்டான். நம் கதைமனத்தின் குழப்பம் என்று நாங்கள் தொடக்கத்தில் சொன்னது திரையோடு நின்றுவிடுவதில்லை.

அடுத்தது உடுமலைப்பேட்டை. 2016 மார்ச் 13, பேருந்து நிலையத்தின் அருகே, பட்டப்பகல். சங்கரும் கௌசல்யாவும் மணம் செய்துகொண்டு எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. அவர் தலித், இவர் பழனியைச் சேர்ந்த முக்குலத்தோர் குடும்பத்துப் பெண். அரிவாளோடு வந்தவர்கள் வெட்டிவிட்டு நிதானமாக வண்டியேறிப் போனதைக் கண்காணிப்புக் கேமரா பதிவு செய்தது, நாடே பார்த்தது. சங்கர் இறந்தார், கௌசல்யா பிழைத்தார். வாழ்ந்தபோது தஞ்சம் கிடைக்காத இணை ஒரே நாளில் எல்லோருக்கும் தெரிந்த இணையானது. திரையில் இருவர் ஊரைவிட்டு ஓடினால் விசிலடிக்கும் அதே தமிழகம்தான் அந்தக் காட்சியையும் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தது.

இந்த இரு நிகழ்வுகளிலும் வெவ்வேறு சாதிகள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். இது ஒரு சாதியின் தனிக்குணம் என்று நாங்கள் சொல்லவில்லை. சாதி என்ற பின்தொடர்பவனைப் பற்றிச் சொல்கிறோம். அதிநாயகக் கதைகளின் வில்லனுக்கு எழுத்தாளர்கள் எத்தனையோ ஆற்றல்களைக் கற்பித்திருக்கிறார்கள். சாதிக்கு அவை இயல்பாகவே வாய்த்திருக்கின்றன. அதற்குத் தேநீர்க்கடையில் ஒரு கண், பேருந்தில் ஒரு கண், கோயில் படிக்கட்டில் ஒரு கண். சித்தப்பா, பெரியப்பா, மாமன், மச்சான் என்று ஆயிரம் கைகள். திருப்பூருக்குப் போனாலும் சென்னைக்குப் போனாலும் ஒரு தொலைபேசி அழைப்பில் அது அங்கே நிற்கும். ஒருவரைச் சிறையில் அடைத்தால் இன்னொருவராக எழுந்து வரும். தோல்வியுற்ற காதலன் ஒருவன் பின்தொடர்ந்தால் புகார் எழுத அவனுக்கு ஒரு பெயராவது இருக்கும். இந்தப் பின்தொடர்பவனுக்கு எந்தப் பெயரை எழுதுவது?

இதற்கு ஒரு நியாயமும் தயாராக வைக்கப்பட்டிருக்கிறது. 'எங்கள் பெண்களை நாடகக் காதலிலிருந்து காக்கிறோம்' என்கிறார்கள். 'எங்கள்' என்ற சொல்லிலேயே வழக்கு முடிந்துவிடுகிறது. தோட்டத்தையும் கிணற்றையும் சொல்வது போலவே பெண்ணையும் சொல்கிறார்கள். அவளுக்கு வயது வந்துவிட்டதா, அவள் என்ன விரும்புகிறாள் என்பவை இந்தக் காவலர்களுக்குப் பொருட்டே அல்ல. அவள் வேண்டாம் என்றாலும் காப்பார்கள். ஓடினாலும் தேடிவந்து காப்பார்கள். முடியாவிட்டால் அவளையும் சேர்த்து வெட்டிக் காப்பார்கள். மறுப்பை மதிக்காத காவலுக்கும், மறுப்பை மதிக்காத காதலுக்கும் என்ன வேறுபாடு? ஆற்றில் தள்ளுபவனும் கரையில் கட்டிவைப்பவனும் நீந்தத் தெரிந்தவளிடம் ஒன்றும் கேட்பதில்லை.

காத்தவனுக்கு உரிமை உண்டு என்ற எண்ணம் நல்லவர்களிடமும் ஊறிக் கிடக்கிறது. 2009இல் வந்த 'நாடோடிகள்' ஓர் இணையைச் சேர்த்துவைக்க நண்பர்கள் செய்யும் தியாகத்தின் கதை. ஒருவன் காலை இழக்கிறான், ஒருவன் செவித்திறனை இழக்கிறான். பின்னர் அந்த இணை பிரியத் துணிந்ததும், காத்த கைகளே ஆத்திரத்தோடு அவர்களைத் தேடிப் போகின்றன. அரங்கம் ஆரவாரித்தது. சேர்வதற்கு ஊரின் அனுமதி வேண்டும், பிரிவதற்கு நண்பர்களின் அனுமதி வேண்டும் என்றால், அந்த இருவரும் எப்போதுதான் தாமாக வாழ்வது?

எங்கள் வட்டத்திலேயே எழும் மறுப்புகளையும் பேசிவிடுவோம். 'கொங்கை மட்டும் ஏன் பழிக்க வேண்டும்? தருமபுரியில் நடக்கவில்லையா, நெல்லையில் நடக்கவில்லையா?' நடந்தது, நடக்கிறது. ஆனால் தன் வீட்டு முற்றத்தைப் பற்றிப் பேசாதவனுக்கு அடுத்த ஊரைப் பற்றிப் பேசும் தகுதி எங்கிருந்து வரும்? கொங்கைப் பற்றி மிகக் கறாராக எழுதியவர் கொங்கிலேயே பிறந்த பெருமாள்முருகன். 2013இல் வெளிவந்த 'பூக்குழி'யில் ஊர் மாறி வந்த சரோஜாவைச் சுற்றி எரிவதும் ஊர் வைத்த தீதான். அந்நாவல் தருமபுரி இளவரசனுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. அதற்குமுன் எழுதிய 'மாதொருபாகன்' நாவலுக்காக அவரை ஊர் எப்படித் துரத்தியது என்பதும், 2015 ஜனவரியில் எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவர் அறிவிக்க நேர்ந்ததும் நாம் அறிந்தவை. கோகுல்ராஜ் கொல்லப்பட்டது அதற்கு ஐந்து மாதங்களுக்குப் பின், அந்நாவலின் களமான அதே திருச்செங்கோட்டில். புத்தகத்தை எரித்தபோது வாய்மூடி நின்ற ஊர், மனிதனைக் கொண்டுபோனபோது வாய் திறக்கும் என்று எதிர்பார்த்தது பேதைமை.

'படம் வெறும் படம்தானே, அதைப் பார்த்தா கொலை செய்கிறார்கள்?' என்பது அடுத்த மறுப்பு. படம் அரிவாளைக் கையில் கொடுப்பதில்லை என்பது உண்மை. ஆனால் எவனுக்காக அழ வேண்டும் என்பதை அது பழக்குகிறது. துரத்தியவனுக்காக அழுது பழகிய கண்கள், துரத்தப்பட்டவளைப் பார்த்து முதலில் கேட்பது 'நீ என்ன செய்தாய்?' என்பதைத்தான்.

அப்படியானால் எங்களுக்கு வேண்டிய அதிநாயகன் யார்? யாரும் வேண்டாம் என்பதே எங்கள் விடை. பின்தொடர்தல் 2013இலிருந்தே இந்தியச் சட்டத்தில் தனிக் குற்றம். 2025 ஜனவரியில் தமிழகச் சட்டப்பேரவை அதற்கான தண்டனையைக் கடுமையாக்கியது. 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு, இருபத்து நான்கு மணிநேர உதவி எண், அச்சுறுத்தப்படும் இணையருக்குப் பாதுகாப்பு இல்லம் ஆகியவற்றை வலியுறுத்தியது. பறக்கும் ஆற்றலோ லேசர் பார்வையோ இதற்குத் தேவையில்லை. ஒரு பூட்டு, ஒரு காவலர், சாதி கேட்காமல் தொலைபேசியை எடுக்கும் ஒரு குரல் போதும். புகார் கொடுக்க வந்தவளைப் பெற்றோரிடமே சமாதானம் பேசி அனுப்பிவைக்கும் காவல் நிலையம் இருக்கும்வரை, வானத்திலிருந்து எவன் இறங்கி வந்தாலும் பயனில்லை.

உண்மையில் இந்தக் கதையில் ஆற்றல் காட்டியவர் ஒருவர் உண்டு. தலையில் வெட்டுக் காயங்களோடு பிழைத்து, பெற்ற தகப்பனுக்கு எதிராகவே கூண்டேறிச் சாட்சி சொன்ன கௌசல்யா. 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் தந்தை உள்ளிட்ட ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்து, ஏனைய ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. அதன் பின்னும் அவர் ஓயவில்லை. தூக்குத் தண்டனையில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. அவர் ஓயாமல் நின்றதில் உடன்பாடு உண்டு. அவருக்கு மின்னல் தாக்கவில்லை, காவல்தெய்வம் துணைவரவில்லை. எவரும் அவரை மீட்கவும் இல்லை.

அடுத்த முறை கொங்குத் தமிழ் பேசும் அதிநாயகப் படம் ஒன்று வரட்டும்; வரவேற்போம். அதன் இயக்குநரிடம் எங்களுக்கு ஒரே ஒரு கோரிக்கை உண்டு. உடுமலைப் பேருந்து நிலையத்தில் இருவர் கைகோத்து நிற்கும்போது, சுற்றி நிற்கும் கூட்டத்தை ஒருமுறை காட்டுங்கள். அந்தக் கூட்டத்தில் நம் முகமும் இருக்கிறதா என்று நாங்கள் பார்க்க வேண்டும்.