துடைத்தால் தீராத மூட்டம்

முதலில் ஓர் உண்மையை உங்களிடம் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் கல்லூரியில் இருபது ஆண்டுகளாக இயற்பியல் கற்பித்து வருகிறேன். ‘பனிநிலை’ என்ற பாடத்தைப் பலமுறை நடத்தியிருக்கிறேன். ஆயினும் அந்தப் பாடத்தை எனக்கு உறைக்கும்படி கற்றுக்கொடுத்தவர் ஒரு வாடகைக் கார் ஓட்டுநர்!

அது ஒரு ஜூலை மாத மாலை நேரம். வால்பாறையிலிருந்து ஆழியாறு நோக்கி இறங்கிக்கொண்டிருந்தோம். 40 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதை அது. தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. காரில் ஓட்டுநரையும் சேர்த்து நான்கு பேர். காலடியில் நனைந்த குடைகள். முன்னிருக்கையில் இருந்த எனக்குக் குளிர் தாங்கவில்லை. “வெளியிலேயே இவ்வளவு குளிர், ஏ.சி. எதற்கு அண்ணா?” என்று கேட்டேன். அவருடைய பதிலுக்குக் காத்திராமல் நானே அதை நிறுத்தியும் விட்டேன்.

சில நிமிடங்களில் முன்கண்ணாடி முழுவதும் வெண்திரை போட்டதுபோல் மங்கிவிட்டது. எதிரே ஒரு பேருந்து விளக்குகளுடன் ஏறி வந்தது. கண்ணாடி முழுவதும் ஒரே ஒளிப்பிழம்பு. பேருந்து எங்கே, பாதையின் விளிம்பு எங்கே என்று ஒன்றும் புலப்படவில்லை. நான் பதறிப்போய்க் கைக்குட்டையால் துடைத்தேன். துடைத்த இடம் ஒரு கணம் தெளிந்து, கோடு கோடாகி, மறுபடியும் மூடிக்கொண்டது.

ஓட்டுநர் வண்டியை மெல்ல ஓரங்கட்டி நிறுத்தினார். “மழை நேரத்துல ஏ.சி.யை நிறுத்தக் கூடாதுங்க சார். துடைச்சா போகாதுங்க; உள்ளே இருக்கிற காத்தைக் காய வைக்கணும்” என்றார். ஏ.சி.யைப் போட்டு, காற்று கண்ணாடியில் படும்படி திருப்பிவிட்டார். இரண்டு நிமிடங்களில் கண்ணாடி தெளிந்தது. எனக்கும் அறிவு தெளிந்தது.

மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடிக்கு 8 மீட்டருக்கு மேல் நகர்கிறது. மூன்று வினாடிகள் கண் தெரியாவிட்டால் 25 மீட்டர் குருட்டுப் பயணம்! மலைப்பாதையில் இரண்டு வளைவுகளுக்கு இடையே பல இடங்களில் அவ்வளவு தூரம்கூட இருப்பதில்லை. ஆகவே இது சிறிய தொல்லை அன்று. உயிர் சம்பந்தப்பட்ட செய்தி. மூட்டத்தைத் துடைப்பது தீர்வாகாது, அதன் காரணத்தை அறிந்து நீக்குவதே தீர்வு என்பது என் கருத்து. அந்தக் காரணமோ உங்கள் பாடநூலிலேயே இருக்கிறது.

மூச்சுக் கணக்கு

காற்றில் எப்போதும் நீராவி கலந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வெப்பநிலையிலும் காற்றில் இருக்கக்கூடிய நீராவிக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு கன மீட்டர் காற்றில் 30 டிகிரி செல்சியசில் சுமார் 30 கிராம் நீராவி இருக்கலாம். 20 டிகிரியில் 17 கிராம். 10 டிகிரியில் 9 கிராமுக்குச் சற்று அதிகம். அந்த எல்லையை எட்டிய காற்றைத் தெவிட்டிய நிலையில் உள்ளது என்கிறோம். காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால், அதிலுள்ள நீராவி எந்த வெப்பநிலையில் தெவிட்டுகிறதோ அதுவே பனிநிலை. அதற்கும் கீழே குளிர்ந்த பொருள் எதுவாயினும் அதன்மேல் நீர்த்துளிகள் படியும். மழையும் காற்றும் வெளியிலிருந்து குளிர்விக்கும் முன்கண்ணாடி அத்தகைய பொருளே.

இந்த நீர் எங்கிருந்து வருகிறது? நம்மிடமிருந்துதான்! சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் நம் மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் நாளொன்றுக்குச் சுமார் 800 மில்லிலிட்டர் நீர் ஆவியாக வெளியேறுகிறது. மணிக்கு ஏறத்தாழ 33 கிராம். நான்கு பேருக்கு 130 கிராம். அதாவது நிமிடத்திற்கு 2 கிராமுக்கு மேல். நனைந்த குடைகளின் பங்கு தனி.

காரின் உட்பகுதி சுமார் 3 கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடியின் வெப்பநிலை 20 டிகிரி என்றால், உள்ளிருக்கும் நீராவி மொத்தம் 51 கிராமைத் தாண்டியதும் கண்ணாடியில் நீர் படியத் தொடங்கும். மழைக்காலத்தில் கதவை மூடும்போதே உள்ளே நாற்பது கிராமுக்கு மேல் இருக்கக்கூடும். மீதியை நம் மூச்சு ஐந்து நிமிடங்களில் நிரப்பிவிடும். கைக்குட்டையால் துடைத்து எத்தனை கிராமை அகற்ற முடியும்? துடைத்த பிறகும் கண்ணாடி குளிர்ந்தே இருக்கிறது. காற்றும் ஈரமாகவே இருக்கிறது. பின் மூட்டம் திரும்பி வராமல் என்ன செய்யும்?

காரில் சிலிக்கா ஜெல் பைகளை வைத்தால் போதும் என்று சிலர் சொல்வதுண்டு. சிலிக்கா ஜெல் தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீரை ஏற்கும். 100 கிராம் பை ஒன்று, நான்கு பேர் கால் மணி நேரம் விடும் மூச்சுக்குத்தான் காணும். நிறுத்தி வைத்த காருக்கு அது உதவலாம். ஓடும் காருக்கு உதவாது.

நீர் தெளிவானது, மூட்டம் ஏன் வெண்மை?

சர்க்கரைக் கற்கண்டு ஒளி ஊடுருவும். அதைப் பொடித்தால் வெண்மையாகிறது. கண்ணாடியும் அப்படியே. பொடியின் எண்ணற்ற சிறு பரப்புகளில் ஒளி பட்டு நாற்புறமும் சிதறுவதே காரணம். கண்ணாடியில் படியும் நீரும் ஒரே படலமாகப் படியாமல், கோடிக்கணக்கான நுண்துளிகளாக உருண்டு நிற்கிறது. ஒவ்வொரு துளியும் ஒளியைத் திசைமாற்றுகிறது. எதிரே வரும் வண்டியின் விளக்கொளி கண்ணாடி முழுவதும் பரவிக் கண்ணைக் கூசச் செய்வது இதனால்தான்.

இரண்டே வழிகள்

கணக்கைப் புரிந்துகொண்டால் வழிகளும் தாமே விளங்கும். காற்றிலுள்ள நீராவியைக் குறைக்க வேண்டும். அல்லது கண்ணாடியின் வெப்பநிலையைப் பனிநிலைக்கு மேலே உயர்த்த வேண்டும். இவற்றைத் தவிர நிலையான வேறு வழி இல்லை.

ஏ.சி. குளிரூட்டுவதற்கு மட்டுமே என்று எண்ணி நான் செய்த தவறு இங்கேதான். அதன் உள்ளே மிகவும் குளிர்ந்த குழாய்ச் சுருள் ஒன்று இருக்கிறது. காற்று அதன்மேல் செல்லும்போது நீராவி அங்கேயே நீராகிப் படிந்து, குழாய் வழியே வெளியேறுகிறது. நிறுத்தி வைத்த காரின் அடியில் நீர் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்களே, அது இந்த நீர்தான். கண்ணாடியில் படிய வேண்டியது அந்தச் சுருளில் படிந்துவிடுகிறது. நான் ஏ.சி.யை நிறுத்தியதும் என்ன நடந்தது? காற்றாடி ஓடிக்கொண்டே இருந்தது, சுருள் சூடேறியது, அதில் படிந்திருந்த நீர் மீண்டும் ஆவியாகிக் காருக்குள் வந்தது. மூட்டம் அத்தனை விரைவாகக் கவிந்ததன் மர்மம் இதுதான்!

பல கார்களில் சூடேற்றியும் உண்டு. அதையும் ஏ.சி.யையும் சேர்த்துப் போட்டால், ஒன்று காற்றை உலர்த்தும், மற்றது அந்த உலர்ந்த காற்றைச் சூடாக்கிக் கண்ணாடிக்கு அனுப்பும். குளிரும் சூடும் ஒரே நேரத்தில் எதற்கு என்று யாரேனும் சிரித்தால், இரண்டு வழிகளும் ஒன்றாக வேலை செய்கின்றன என்று விளக்குங்கள். காரின் பின்கண்ணாடியில் கிடையாகச் செல்லும் மெல்லிய கோடுகளும் அழகுக்காக வரையப்பட்டவை அல்ல. அவை மின்சாரத்தால் சூடேறும் கம்பிகள். இரண்டாவது வழியைச் செய்பவை.

மற்றொரு பொத்தானையும் கவனியுங்கள். காரின் படத்துக்குள் வளைந்த அம்புக்குறி போட்டிருக்கும். அது உட்காற்றையே மறுபடியும் மறுபடியும் சுழலவிடுவது. மழையில் அதை அமுக்கி வைத்தால் நம் மூச்சை நாமே சேமித்துக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். வெளிக்காற்று உள்ளே வரட்டும். ஏ.சி. இல்லாத வண்டியில் இரு பக்கச் சன்னல்களையும் இரண்டு விரல்கடை இறக்கி வைப்பதே நல்லது. சற்று நனைவோம், ஆனால் பாதை தெரியும்.

உள்ளேயா, வெளியேயா?

இதுவரை சொன்னதை மனப்பாடம் செய்தவர்கள் சென்னையில் ஏமாந்து போவார்கள்! கடலோர ஊரின் மழைக்கால விடியலில் வெளிக்காற்றின் பனிநிலை 25 டிகிரியாக இருக்கக்கூடும். ஏ.சி.யின் குளிர்காற்று முன்கண்ணாடியில் பட்டு அதை 22 டிகிரிக்குக் குளிர்வித்தால், மூட்டம் கண்ணாடியின் வெளிப்புறத்தில் படியும். அப்போது உட்புறம் எவ்வளவு துடைத்தாலும் பயனில்லை. ஏ.சி.யைக் கூட்டினாலோ மூட்டமும் கூடும். துடைப்பானை ஓடவிட்டு, குளிர்காற்றைக் கண்ணாடியிலிருந்து விலக்கி, ஏ.சி.யின் குளிரைக் குறைக்க வேண்டும்.

ஒரே மூட்டம், ஆனால் வால்பாறையில் ஒரு மருந்து, சென்னையில் வேறு மருந்து. ‘எந்தப் பொத்தானை அமுக்குவது?’ என்று கேட்பதற்கு முன், விரலால் கண்ணாடியைத் தொட்டு ‘மூட்டம் எந்தப் பக்கம்?’ என்று கேட்க வேண்டும். புதிய கார்களில் ஒரே பொத்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளுமே, இயற்பியல் எதற்கு என்று வாதிடலாம். பொத்தான் இட்ட வேலையைச் செய்யும். எந்தப் பக்கம் என்று அது தொட்டுப் பார்க்காது.

சோப்பும் விண்வெளி வீரரும்

கண்ணாடியில் சோப்பு, ஷாம்பு, உருளைக்கிழங்கு ஆகியவற்றைத் தேய்க்கச் சொல்வோர் பலர். இவற்றை முற்றிலும் பொய் என்று நான் ஒதுக்கவில்லை. சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது, நீர் துளிகளாக உருளாமல் படலமாகப் பரவுகிறது, ஒளிச்சிதறல் குறைகிறது. ஆனால் படியும் நீர் குறையவில்லை. சோப்பும் சிறிது நேரத்தில் கரைந்துவிடும். இரவில் அதன் கறை கண்ணைக் கூசச் செய்யும். இது முதலுதவியே தவிர மருத்துவம் அன்று.

1966 ஜூன் 5 அன்று ஜெமினி 9ஏ கலத்திலிருந்து விண்வெளியில் இறங்கிய அமெரிக்க வீரர் யூஜின் செர்னான் இதே இடுக்கணுக்கு ஆளானார். கடும் உழைப்பால் வியர்த்துக் கொட்டியது. உடையின் குளிரூட்டும் அமைப்பால் ஈடுகொடுக்க முடியவில்லை. தலைக்கவசத்தின் முகக்கண்ணாடி உட்புறம் மங்கிப் பார்வை மறைந்தது. கையால் துடைக்க வழியில்லை. மூக்கால் தேய்த்துச் சிறு துளை அளவு தெளிவு செய்துகொண்டு பார்த்தார். திட்டமிட்ட பணிகளை முடிக்காமலே கலத்துக்குத் திரும்ப நேர்ந்தது. அடுத்து வந்த பயணங்களில் முகக்கண்ணாடிக்கு மூட்டம் தடுக்கும் பூச்சு பூசினார்கள். அத்தோடு நிறுத்தினார்களா? இல்லை. சந்திரனுக்குச் சென்ற அப்பல்லோ வீரர்களுக்கு, நீர் ஓடும் நுண்குழாய்கள் தைத்த உள்ளாடை அளித்து, உடலின் வெப்பத்தை அகற்றி, வியர்வையையே குறைத்தார்கள். பூச்சு வேண்டும், ஆனால் காரணத்தை நீக்குவதே முடிவான தீர்வு. நம் ஓட்டுநர் சொன்னதும் அதுதானே?

தேர்வுத்தாளுக்கு வெளியே

‘பனிநிலை வரையறு’ என்று கேட்டால் உங்களில் பெரும்பாலோர் இரண்டு மதிப்பெண்களையும் வாங்கிவிடுவீர்கள். நானும் வாங்கியவன்தான். ஆனால் மலைப்பாதையில் அந்த வரையறை என் நாவில் இருந்தது, கை ஏ.சி.யை நிறுத்தியது. குறை மாணவரிடம் மட்டும் இல்லை. அப்படிக் கேட்கும் எங்களிடமும் இருக்கிறது. ‘மழையில் கார்க் கண்ணாடியின் எந்தப் பக்கம் மங்கும், ஏன்?’ என்று தேர்வில் கேட்க வேண்டும். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளிலும் பிரேக்கைக் கற்பிப்பதுபோல இதையும் கற்பிக்க வேண்டும். இரண்டுக்கும் அதிகச் செலவில்லை.

அதுவரை நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். பளபளப்பான எவர்சில்வர் டம்ளரில் பாதியளவு நீர் ஊற்றி, வெப்பநிலைமானியை வைத்து, பனிக்கட்டித் துண்டுகளைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்குங்கள். டம்ளரின் வெளிப்புறம் மங்கத் தொடங்கும் நேரத்தில் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவே உங்கள் அறைக் காற்றின் பனிநிலை. 1820இல் இங்கிலாந்தின் டேனியல் ஈதரைக் கொண்டு கண்ணாடிக் குமிழைக் குளிர்வித்து அமைத்த ஈரமானியின் தத்துவமும் இதுவே. மழை நாளிலும் வெயில் நாளிலும் செய்து ஒப்பிடுங்கள்.

நாளை நீங்களும் வண்டி ஓட்டுவீர்கள். ஒரு மழை இரவில் முன்கண்ணாடி மங்கும். அப்போது கை கைக்குட்டையைத் தேட வேண்டாம். முதலில் வேகத்தைக் குறைத்து வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். பிறகு கண்ணாடியைத் தொட்டுப் பாருங்கள். உள்ளே என்றால் காற்றைக் காய வையுங்கள்.